அருவிக்குப் போகும் வழியில் ஒரு கவிராயர் ஊர்

ஜூன் பிறந்து, மலைக்கு அந்தப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் தென்காசிக்குச் சீசன் வந்துவிட்டது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் காற்று சாரலை அள்ளி வந்து ஊர் முழுக்கத் தெளிக்கும். வெயில் அடிக்கும், அதே நேரத்தில் முகமும் நனையும். வேன்களும் கார்களும் குற்றாலம் சாலையில் வரிசை கட்டி நிற்கும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவியில் தலையைக் கொடுப்பது, ஐந்தருவியில் இன்னொரு முறை நனைவது, ராத்திரி செங்கோட்டைப் பக்கம் போய் பார்டர் பரோட்டா சாப்பிடுவது, நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு ஊர் திரும்புவது. வருகிற எல்லோருக்கும் இதுதான் திட்டம். நல்ல திட்டம்தான்.

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம். அந்த வழியில் மேலகரம் என்று ஓர் ஊர் வருகிறது. குற்றாலக் குறவஞ்சியை எழுதிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அருவிக்குப் போகிற அவசரத்தில் யாருக்கும் அங்கே இறங்கத் தோன்றுவதில்லை. அவர் எந்தக் கோயில் வாசலையும் எந்த மலையையும் பாடினாரோ, அதே வாசல் வழியாகத்தான் ஈரத் துண்டோடு ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் நடக்கிறார்கள்.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசி, தமிழ் இலக்கியத்தில் ஒரு தனி நாடு போலவே ஐந்தாறு நூற்றாண்டுகள் இருந்திருக்கிறது. இங்கே கவிதை கோயில் சுவரில் வாழ்ந்தது, மானிய நிலத்தில் வாழ்ந்தது, மடத்தில் வாழ்ந்தது, ஒரு ரசிகரின் வீட்டுக் கூடத்தில் வாழ்ந்தது. யாராவது இடம் கொடுத்தபோது பிழைத்தது. இடம் கொடுத்தவர்கள் கைவிட்டபோது நெருப்பிலும் போனது. இரண்டுக்கும் சாட்சி இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது.

கல்லில் ஒரு வேண்டுகோள்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுர வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும், உள்ளே நுழையும்போது காற்று ஆளைத் தள்ளும். குழந்தைகள் அதற்காகவே இரண்டு முறை உள்ளே போய் வெளியே வருவார்கள். அந்தக் காற்றை அனுபவித்துவிட்டு நேரே சந்நிதிக்குப் போய்விடுகிறோம். கோயில் கல்லைப் படிக்க நிற்பதில்லை.

கட்டியவர் பராக்கிரம பாண்டியன். 1446 வாக்கில் வேலை தொடங்கி 1463 வரை, ஏறத்தாழ 17 ஆண்டுகள் நடந்திருக்கிறது. வடக்கே காசிக்குப் போக முடியாதவர்களுக்காகத் தெற்கே ஒரு காசி கட்டச் சொல்லி இறைவன் கனவில் வந்ததாகத் தலக்கதை சொல்லும். கதையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அவர் கல்லில் வெட்டி வைத்த தமிழ்ப் பாடல்கள். அரசர்களின் மெய்க்கீர்த்தி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். எந்த நாட்டை வென்றார், யார் முடியைப் பறித்தார், எத்தனை யானை பிடித்தார் என்று அது அடுக்கிக்கொண்டே போகும். இந்தப் பாண்டியர் பாட்டில் பேசுவது வேறு விதம். இந்தக் கோயில் மனிதச் செயலால் எழுந்ததல்ல, சிவன் அருளால் எழுந்தது என்கிறார். பிறகு பின்னால் வரப்போகிறவர்களைப் பார்த்துப் பேசுகிறார். நாளைக்கு இதில் ஏதாவது பழுது நேர்ந்து, யாராவது அதைச் செப்பனிட்டால், அவர் யாராக இருந்தாலும் சரி, உலகம் பார்க்க அவர் காலில் விழுந்து வணங்குகிறேன் என்கிறார்.

ஓர் அரசன், தன் சாவுக்குப் பிறகு பிறக்கப்போகிற, பெயர் தெரியாத ஒருவர் காலில் முன்கூட்டியே விழுகிறான். தமிழ்க் கல்வெட்டுகளில் இதைப் போல் நெஞ்சைத் தொடும் இன்னொன்று எனக்குத் தெரிந்து இல்லை.

பழுதும் வந்தது. ராஜகோபுரம் சிதைந்து, பல தலைமுறைக்கு மேற்பகுதி இல்லாமலே நின்றது. இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சின்ன வயதில் பார்த்த கோபுரம் அதுதான். 1990-இல் ஒன்பது நிலையோடு, ஏறத்தாழ 180 அடி உயரத்துக்குப் புதுக் கோபுரம் எழுந்து குடமுழுக்கு நடந்தது. கல்லில் இருந்த வேண்டுகோளுக்கு ஐந்நூறு ஆண்டு கழித்து ஊர் கொடுத்த பதில் என்றே அந்தக் கோபுரத்தை நான் பார்க்கிறேன்.

பழைய கல்லெழுத்தை நாமாகப் படிப்பது எளிதல்ல. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இருக்காது. வரி முடிகிற இடத்தில் சொல் முடியாது, பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் யாப்பு பிடிபடும். எதுகை எங்கே விழுகிறது என்று காது சொன்ன பிறகு, கண் தடுமாறிய எழுத்தும் தெளிந்துவிடும். பாட்டாக இருப்பதால்தான் அது படிக்கவும் கிடைக்கிறது.

பாண்டியர் எழுதிய பாடப்புத்தகம்

மதுரை கைவிட்டுப் போன பிறகு பாண்டியர் கால் ஊன்றிய இடம் தென்காசி. பெரிய படையோ பெரிய கடல் வணிகமோ கிடையாது. விஜயநகரமும் மதுரை நாயக்கரும் மேலே இருக்க, நெருக்கத்தில் நடந்த ஆட்சி. அந்தச் சின்ன அரசில், 1564-இல் முடிசூடிய அதிவீரராம பாண்டியர் ஒரு முழுநேரப் புலவரைப் போல எழுதியிருக்கிறார். நளன் கதையை நைடதமாகத் தமிழில் பாடினார். புலவர்களுக்கே மருந்து என்று பெயர் வாங்கிய நூல் அது. காசி காண்டம், கூர்ம புராணம் எல்லாம் அவர் தமிழ்.

ஆனால் அவரை வீடு வீடாகக் கொண்டு போனது வெற்றிவேற்கை என்ற சின்னஞ்சிறு நீதி நூல். நறுந்தொகை என்றும் சொல்வார்கள். மணலில் விரல் வைத்து எழுதப் பழகிய திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள், ஆத்திசூடிக்கும் கொன்றைவேந்தனுக்கும் அடுத்தபடியாக அதைத்தான் ஒப்பித்தார்கள். நம் தாத்தா, பாட்டன் காலம் வரைக்கும் அப்படித்தான். படிப்பின் பெருமையைச் சொல்லும் அதன் வரி ஒன்றாவது உங்கள் வீட்டுப் பெரியவர் வாயில் இருந்திருக்கும். அது தென்காசியிலிருந்து ஆண்ட ஓர் அரசன் எழுதியது என்பது அவருக்கும் தெரிந்திருக்காது.

அதே குடும்பத்தில் வரதுங்கராம பாண்டியர் இன்னொரு புலவர். பிரமோத்தர காண்டம் அவர் பாடியது. அவர் ஊர் கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது. அங்கே பால்வண்ணநாதர் கோயில். பிள்ளை இல்லாத அரசருக்கு இறுதிக் கடனைப் பால்வண்ணநாதரே செய்ததாக ஐதிகம். அவருடைய உடைமைகளோடு அவருடைய ஏடுகளும் கோயிலுக்கே வந்து சேர்ந்தன. ஓர் அரசப் புலவரின் சொந்த நூலகம் அது.

பழந்தமிழ் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையருக்கு இந்தச் செய்தி எட்டியது. ஆசையோடு கரிவலம்வந்தநல்லூருக்குப் போனார். கோயில் அதிகாரியிடம் ஏடுகளைப் பற்றி விசாரித்தார். கிடைத்த பதிலைத் தன் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஓமம் செய்துவிட வேண்டும் என்று ஆகமம் சொல்வதாக யாரோ சொன்னார்களாம். குழி வெட்டி, தீ வளர்த்து, அப்படியே செய்துவிட்டார்களாம்.

எத்தனை ஏடு, என்னென்ன நூல், ஒன்றும் தெரியாது. எரித்தவர்கள் தமிழின் எதிரிகள் இல்லை. கோயில் காரியத்தை ஒழுங்காகச் செய்கிறோம் என்று நம்பியவர்கள். என்னை அதிகம் வருத்துவது அதுதான். கறையானும் வெள்ளமும் தின்ற ஏட்டுக்குக் காலத்தைக் குற்றம் சொல்லலாம். பக்தியோடு நெய் வார்த்து எரித்த ஏட்டுக்கு யாரைச் சொல்வது? பராக்கிரம பாண்டியர் தன் பாட்டைக் கல்லில் வெட்டியதால் அது நின்றது. வரதுங்கர் ஏட்டை நம்பினார்.

மேலகரம்

இனி மேலகரத்தில் இறங்கலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலநாதர் கோயிலின் வித்துவான். தலபுராணம், மாலை, சிலேடை, யமக அந்தாதி, உலா, ஊடல், கோவை, பிள்ளைத்தமிழ் என்று குற்றாலத்தை வைத்து அவர் எழுதாத வகை குறைவு. ஒரே ஊர், ஒரே தெய்வம், ஒரே மலை. வாழ்நாள் முழுக்க ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் கண் என்ன கூர்மை அடையும் என்பதற்கு அவர் குறவஞ்சி சாட்சி.

கதை எளிது. குற்றாலநாதர் வீதி உலா வருகிறார். பந்தடித்துக்கொண்டிருந்த வசந்தவல்லி பார்க்கிறாள், மனம் கொடுக்கிறாள், வாடுகிறாள். மலையிலிருந்து குறத்தி இறங்கி வந்து கை பார்த்துக் குறி சொல்கிறாள். பரிசாக நகை நட்டு வாங்கிக்கொண்டு போகிறாள். அவளைத் தேடி அலைகிறான் கணவன் சிங்கன். கடைசியில் கண்டுபிடிக்கிறான். இவ்வளவுதான். குறவஞ்சி என்ற இலக்கிய வகையில் எல்லாக் கதைக்கும் கிட்டத்தட்ட இதே எலும்புக்கூடுதான்.

கவிராயர் அதில் என்ன செய்தார் என்று பாருங்கள். குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்லும்போது, ஆண் குரங்கு பெண் குரங்குக்குப் பழம் கொடுத்துக் கொஞ்சுகிறது. சிந்துகிற பழத்துக்காக வானத்துத் தேவர்கள் கை நீட்டுகிறார்கள். அருவித் திரை கிளம்பி எழுந்து வானத்திலேயே வழிகிறது. அதில் சூரியனின் குதிரைக் காலும் தேர்ச் சக்கரமும் வழுக்குகின்றன. இதை வெறும் மிகை என்று ஒதுக்குவதற்கு முன்னால், நல்ல சீசனில் பேரருவிக்கு எதிரே ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். விழுகிற தண்ணீர் பாறையில் மோதிப் புகையாக மேலே எழும். எது மேகம், எது அருவி என்று பிரித்துச் சொல்ல முடியாது. கவிராயர் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்.

மலை அழகைப் பாடியவர்கள் தமிழில் நிறையப் பேர். கவிராயரை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது சிங்கனும் சிங்கியும்தான். பறவை பிடிக்க வலையோடு வந்த சிங்கன், பறவைகள் மேயும் வயல்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறான். எல்லாம் இந்தப் பக்கத்து நிலங்கள். கூட வருகிற நூவன் கண்ணி வைக்க உதவுகிறான். பொறியைப் பார்க்க வேண்டிய சிங்கனுக்கோ மனசு முழுக்கச் சிங்கி மேல். கடைசியில் அவளைக் கண்டதும், சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம் வருகிறது. காலில் இது என்ன, கழுத்தில் இது என்ன, யார் கொடுத்தது என்று ஒவ்வொரு நகையாகக் கேட்கிறான். அவள் ஒவ்வொன்றுக்கும் ஊர் சொல்லிப் பதில் சொல்கிறாள். கேள்வியும் பதிலும் பந்து போல் மாறி மாறிப் போய் வரும் அந்த இடத்தில் பொறாமை, பயம், கொஞ்சல், பெருமை எல்லாம் இரண்டே குரலில் கேட்டுவிடும். அரசவைக்கு வெளியே, கூடையும் வலையும் தூக்கிப் பிழைக்கிற ஒரு புருஷன் பெண்டாட்டியின் பேச்சை இவ்வளவு அன்போடு காது கொடுத்துக் கேட்ட கவிஞர் அந்தக் காலத்தில் வேறு யார்?

நூல் குற்றாலநாதர் கோயிலில் அரங்கேறியது. 1706 முதல் 1732 வரை ஆண்ட மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அதற்காகக் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். ஒரு நூலின் பெயரில் ஒரு வயல்! எழுத்தாளருக்கு விருது கொடுத்து, சால்வை போட்டு, அன்றைக்கே மறந்துவிடுகிற நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டிய செய்தி. பாட்டுக்குப் பரிசாக வந்தது ஆண்டுக்கு ஆண்டு விளைகிற மண்.

குறவஞ்சி மேடையை விட்டு இறங்கவே இல்லை. 1944-இல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவில் அதை நாட்டிய நாடகமாக்கினார். அந்த நிறுவனத்தின் நாட்டிய நாடக வரிசையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்றைக்கும் அதன் பாட்டுக்கு எங்கெங்கோ உள்ள அரங்குகளில் பிள்ளைகள் ஆடுகிறார்கள்.

மேலகரம் தமிழுக்குக் கொடுத்தது ஒரு கவிராயரோடு நிற்கவில்லை. அந்தக் கவிராயர் மரபில் வந்தவர் மேலகரம் சுப்பிரமணிய தேசிகர். திருவாவடுதுறை ஆதீனத்தின் தலைவராக அவர் இருந்தபோதுதான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அங்கே பாடம் சொன்னார், பையனாக இருந்த உ.வே.சா. பாடம் கேட்டார். 1876-இல் மகாவித்துவான் மறைந்த பிறகு, திக்கற்று நின்ற மாணவரை மடத்திலேயே வைத்துத் தானே பாடம் சொல்லி ஆதரித்தவர் இந்தத் தேசிகர். அந்த மாணவர்தான் பின்னால் சீவக சிந்தாமணியையும் பத்துப்பாட்டையும் சிலப்பதிகாரத்தையும் அச்சில் ஏற்றினார். குற்றாலத்துச் சாரலில் பிறந்த ஒருவர் காவிரிக்கரையில் உட்கார்ந்து கொடுத்த ஆதரவு இல்லாவிட்டால், அந்த வரலாறு எப்படிப் போயிருக்கும் என்று எனக்கு எண்ணிப் பார்க்க முடியவில்லை.

அதே மடத்துக்குப் போய் அதே தேசிகரிடம் படித்த இன்னொரு பிள்ளையும் இந்த மாவட்டம்தான். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். 1865-இல் பிறந்தார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அவைப் புலவர். ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போன வழிநடைக்காக அவர் கட்டிய பாட்டுத்தான் காவடிச் சிந்து. நடக்கிற காலுக்கு ஏற்ற தாளம், தோளில் ஆடுகிற காவடிக்கு ஏற்ற சந்தம். 1891-இல் இறந்தபோது ரெட்டியாருக்கு வயது 26.

மலையடியில் ஒரு ரசிகர்

குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவில் அமைந்தது. ஞானசம்பந்தர் பாடிய தலம். குறும்பலா மரத்துக்கும் தனியாக ஒரு பதிகம் உண்டு. கொஞ்சம் தள்ளித் தெப்பக்குளத்தை ஒட்டி சித்திர சபை இருக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. மற்ற சபைகளில் ஆடும் இறைவன் இங்கே ஓவியமாக இருக்கிறார். சுற்றுச் சுவரெங்கும் பழைய ஓவியங்கள். சீசன் நெரிசலிலும் அங்கே கூட்டம் குறைவு. அருவியிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

இந்த ஊரை இருபதாம் நூற்றாண்டில் இலக்கியத் தலமாக ஆக்கியவர் டி.கே. சிதம்பரநாத முதலியார். டி.கே.சி. என்றால் ஒரு தலைமுறைக்கே தெரியும், ரசிகமணி என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். சட்டம் படித்தவர். சென்னை மாகாணச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தவர், 1930-களில் அறநிலைய வாரியத்தின் ஆணையர். அவருடைய மெய்யான தொழில் கவிதையை வாய்விட்டுச் சொல்வது. திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் கூடினார்கள். வட்டத்தொட்டி என்று பெயர் நின்றுவிட்டது. பின்னாளில் ஷேக்ஸ்பியரைத் தமிழாக்கிய நீதிபதி மகராஜன், கோயில் கோயிலாகச் சுற்றி எழுதிய தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், பேராசிரியர் அ. சீனிவாசராகவன் எல்லாம் அந்த வட்டத்தில் உட்கார்ந்தவர்கள்தான்.

பிறகு டி.கே.சி. குற்றாலத்தில் குடியேற, வட்டமும் மலையடிக்கு வந்துவிட்டது. ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். இடைசெவலிலிருந்து கி. ராஜநாராயணன் என்ற இளைஞர் வந்தார். அருவியில் குளியல், இலை போட்டுச் சாப்பாடு, பிறகு கம்பன். ஒரு செய்யுளை எடுத்தால் டி.கே.சி. அவசரப்பட மாட்டார். ஒரு முறை சொல்வார். எங்கே குரல் ஏற வேண்டும், எந்தச் சொல்லில் நிற்க வேண்டும் என்று காட்டி இன்னொரு முறை சொல்வார். பொருளை விளக்குவதற்கு முன்பே கேட்பவருக்குப் பொருள் விளங்கிவிடும். அகராதியைப் புரட்டிப் பதவுரை சொல்கிற புலமைக்கு நடுவே, பாட்டு காதால் கேட்க வேண்டிய பொருள் என்று மறுபடியும் நினைவூட்டியவர் அவர். தமிழில் பாடும் இசைக்காகவும் வாதாடினார். கல்கி இதழில் கம்பர் தரும் காட்சி என்று தொடர் எழுதி, கம்பனைப் பஸ்ஸில் பத்திரிகை படிக்கிறவர் கைக்குக் கொண்டு வந்தார்.

அவரிடம் எனக்கு ஒரு வழக்கும் உண்டு. கம்பராமாயணத்தில் தன் காதுக்கு ஒவ்வாத பாட்டையெல்லாம் இடைச்செருகல் என்று தள்ளினார். சில இடங்களில் சொல்லையே மாற்றினார். ஏட்டுச் சான்று இல்லாமல் ரசனையை மட்டும் வைத்து ஒரு காவியத்தைத் திருத்தியது சரியல்ல என்று அப்போதே அறிஞர்கள் கண்டித்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். உ.வே.சா. ஒவ்வோர் ஏடாக ஒப்பிட்டுப் பார்த்த உழைப்புக்கு முன்னால் டி.கே.சி.யின் பதிப்பு நிற்காது. ஆனால் நம்மில் எத்தனையோ பேர் கம்பனைப் படிக்கத் தொடங்கியதே டி.கே.சி.யால்தான் என்பதும் அதே அளவுக்கு உண்மை. பதிப்புக்கு உ.வே.சா.விடம் போக வேண்டும், வாசிப்புக்கு டி.கே.சி.யிடம் போக வேண்டும்.

1954 பிப்ரவரி 16 அன்று டி.கே.சி. மறைந்தார். அவருடைய நினைவிடமும் குற்றாலத்தில்தான் இருக்கிறது.

கூடிப் பேசும் வழக்கம் அவரோடு முடிந்துவிடவில்லை. கவிஞர் கலாப்ரியா பதிவுகள் என்ற பெயரில் குற்றாலத்தில் நடத்திய சந்திப்புகளைப் பற்றி நவீன கவிஞர்கள் இன்றும் பேசுவார்கள். ஜெயமோகன் இங்கே தமிழ்க் கவிஞர்களையும் மலையாளக் கவிஞர்களையும் உட்கார வைத்து ஒருவர் கவிதையை மற்றவர் மொழியில் வாசிக்க வைத்தார். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டை கூப்பிடு தூரம். மலையைத் தாண்டினால் மலையாளம். அந்தச் சந்திப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

கடையத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற ரயில் பாதையில் கடையம். பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதி கடலூரில் கைதாகி, 1918 டிசம்பரில் விடுதலையாகி நேரே இங்கேதான் வந்தார். 1920 நவம்பர் வாக்கில் சென்னைக்குத் திரும்பும் வரை கடையம்தான் வீடு. வருமானம் கிடையாது, அக்ரகாரத்தில் ஆதரவும் கிடையாது. எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதி அனுப்பியது இங்கிருந்துதான்.

1920-இல் கடையத்திலிருந்து அவர் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டார். தன் எழுத்துகள் எல்லாவற்றையும் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடப் போவதாகவும், அதற்குக் கடன் தந்து உதவ வேண்டும் என்றும் கேட்டிருந்தார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிடச் சாதாரணமாகத் தன் புத்தகங்கள் தமிழ்நாட்டில் விற்கும் என்று நம்பினார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் இல்லை. அந்தச் சுற்றறிக்கையை எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். அவர் போட்ட கணக்கு தப்பில்லை. காலம்தான் கொஞ்சம் தாமதித்துவிட்டது. அவர் நூல்கள் அதற்குப் பிறகு விற்ற எண்ணிக்கைக்கு முன்னால் அந்த 10,000 மிகச் சின்ன எண்.

அடுத்த சீசனுக்கு முன்னால்

தென்காசியில் வாசிக்கிறவர்களுக்குக் குறைவில்லை. வ.உ.சி. நூலகம் இருக்கிறது. பொதிகை புத்தகத் திருவிழாவில் கூட்டம் சேர்கிறது. செய்ய வேண்டியது, வருகிற லட்சக்கணக்கானவர்களின் கண்ணில் இந்த மரபைப் பட வைப்பதுதான். பெரிய செலவும் இல்லை.

காசி விசுவநாதர் கோயில் வாசலில் பராக்கிரம பாண்டியரின் பாடல்களை இன்றைய எழுத்தில், பொருளோடு, பெரிய கல்லில் வையுங்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரும் அந்த அரசரின் வேண்டுகோளைப் படித்துவிட்டுப் போகட்டும். மேலகரத்தில் பஸ் நிற்கிற இடத்தில் கவிராயரின் பெயர் தூரத்திலிருந்தே தெரியட்டும். ஆண்டுதோறும் சாரல் திருவிழாவில் எத்தனையோ கலை நிகழ்ச்சி நடக்கிறது. அதில் ஒரு மாலை முழுக்கக் குற்றாலக் குறவஞ்சிக்கு ஒதுக்க வேண்டும், அதுவும் எழுதப்பட்ட மலைக்கு எதிரேயே ஆட வேண்டும். கடையம், சென்னிகுளம், கரிவலம்வந்தநல்லூர் மூன்றையும் சேர்த்து ஒரு நாள் சுற்றுலா பஸ் விடலாம். கரிவலம்வந்தநல்லூரில் எரிந்துபோன ஏடுகளுக்காக ஒரு கல்வெட்டு வைக்கலாம். இந்த வட்டாரத்துப் பழைய வீடுகளின் பரணில் இன்னும் ஓலைக்கட்டு இருந்தால், அதைக் கொண்டுவந்து கொடுக்கும்படி அந்தக் கல்லே கேட்கட்டும்.

அரசு செய்கிறபோது செய்யட்டும். நீங்கள் அடுத்த முறை குற்றாலம் வரும்போது குறவஞ்சி ஒரு பிரதி பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். மலிவுப் பதிப்பே போதும், உரையோடு கிடைக்கிறது. குளித்துத் தலை துவட்டிய பிறகு, கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து சிங்கனும் சிங்கியும் பேசிக்கொள்கிற பகுதியை மட்டுமாவது, இரண்டு பேராகப் பிரித்துக்கொண்டு, சத்தமாகப் படியுங்கள். பிள்ளைகள் கூட இருந்தால் அவர்களிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.